மருந்து பெண்ணுக்கு, சோதனை யாரிடம்?

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் சுரனலோன் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் மனச்சோர்வுக்கென்றே வந்த முதல் மாத்திரை இது. இரவுக்கு ஒன்று, பதினான்கு நாள், அவ்வளவுதான். வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும். இது சில நாள்களிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு 15,900 டாலர் என்று விலை வைத்தார்கள். விலை என்றாவது இறங்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மருந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனைகள். கொழுப்புள்ள உணவோடுதான் விழுங்க வேண்டும். விழுங்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. அந்த அளவுக்குத் தூக்கம் தள்ளும். சோதனையில் சேர்ந்த பெண்கள், மருந்து எடுக்கும் நாள்களிலும் அதற்குப் பின் ஒரு வாரமும் தாய்ப்பால் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே சேர்க்கப்பட்டவர்கள்.

அதே மாத்திரையைச் சித்தூர்ப் பக்கத்துப் பச்சை உடம்புக்காரி ஒருத்தியின் கையில் கொடுத்துப் பாருங்கள். இரவுக்குக் குழைந்த சோறும் பூண்டு ரசமும். கொஞ்ச நாள் போனால் ராகி சங்கட்டி. எண்ணெயைப் பெரியவர்கள் அளந்துதான் விடுவார்கள். மூன்று வாரம் பால் கொடுக்காதே என்றால், பால் பவுடருக்குக் காசு எங்கே என்பது முதல் கேள்வி. ‘பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்காதவ என்ன தாய்?’ என்பது இரண்டாவது. நடுராத்திரி குழந்தை அழுதால் எழுந்திருக்க அவளைத் தவிர ஆள் இல்லை. மருந்தில் கோளாறு என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதித்துப் பார்த்த இடத்தில் இவள் இல்லை, அவ்வளவுதான்.

பெண்களின் மனநலச் சிகிச்சை ஆராய்ச்சியில் நாம் அதிகம் பேசாத சிக்கல் இது. நம் பெண்களைச் சோதனைக்கூடத்து எலிகளாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஆந்திரத்திலேயே ஆதாரம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். ஆனால், அஞ்சி அவர்களை ஆய்வுக்கு வெளியே நிறுத்தினால் ஆபத்து தொலைந்துவிடுவதில்லை. கண்காணிப்பும் இழப்பீடும் உள்ள ஆய்விலிருந்து, இரண்டுமே இல்லாத வீட்டுக்கு அது இடம் மாறுகிறது. திருப்பதி, சித்தூர் பகுதிப் பெண்களைக் கொண்டு, அவர்கள் மனமறிந்த ஒப்புதலோடு, அவர்களுக்கு உதவும் கேள்விகளுக்கு, இங்கேயே சோதனைகள் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

விலக்கி வைத்த வரலாறு பழையது. தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த அதிர்ச்சிக்குப் பின், 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் புது மருந்துகளின் தொடக்கக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. நோக்கம் நல்லது. ஆனால், பல மருந்துகளின் அளவு ஆண் உடம்பை வைத்தே முடிவாயிற்று. 1993இல் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கும் இருபது ஆண்டு கழித்து, 2013 ஜனவரியில், சோல்பிடம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாக்கச் சொன்னார்கள்: 10 மில்லிகிராமுக்குப் பதில் 5. பெண்ணின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது. காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் நிற்கிறது. அதுவரை இந்தச் சோதனை நடக்காமலா இருந்தது? ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில், தன் உடம்பில் நடத்திக்கொண்டுதான் இருந்தாள். குறித்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

வால்ப்ரோயேட் கதை இன்னும் கொடியது. வலிப்புக்கும் இருமுனைய மனநோய்க்கும் தரப்படும் மலிவான மாத்திரை இது. 1960களின் இறுதியில் பிரான்ஸில் புழக்கத்துக்கு வந்தது. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை. பத்தில் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலோ கற்றலிலோ சிக்கல். இது உறுதிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. பிரிட்டனில் 2018 முதல், பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்கு இதைத் தர வேண்டுமானால் உறுதியான கருத்தடை ஏற்பாடு இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். நம் பக்கத்து நடப்பை யோசியுங்கள். இருபது வயதுப் பெண்ணுக்குச் சீட்டு எழுதுகிறார்கள். கல்யாணம் பேசும்போது வீட்டார் நோயை மறைக்கிறார்கள். போன இடத்தில் அவள் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுகிறாள், அல்லது சட்டென்று நிறுத்திவிடுகிறாள். கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் அதன் முதுகுத்தண்டுப் பகுதி மூடி முடிந்துவிடும். நாள் தள்ளிப்போனதை வீட்டில் சொல்வதற்குள் அந்தக் காலம் கடந்துவிடுகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் 1998இல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார். எந்த மாத்திரை, எவ்வளவு, குழந்தை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வலிப்பு மருந்துகள் இந்தியத் தாய்மாரையும் பிள்ளைகளையும் என்ன செய்கின்றன என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல ஆதாரங்களில் ஒன்று அது. மனநோய்க்கு மருந்து சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கும் அப்படி ஒரு பதிவேட்டைத் திருப்பதியில் தொடங்கலாம். புது மருந்து வேண்டாம், யாரையும் குலுக்கல் போட்டுப் பிரிக்க வேண்டாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதை எழுதி வைப்பதுதான் வேலை.

இந்த மண்ணின் பெண்களைப் பற்றித் தரவே கிடையாதா என்றால், எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், நிறையவே இருக்கிறது. சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனை கணியம்பாடி ஒன்றியத்தைப் பல பத்தாண்டுகளாக வீடுவீடாகக் கவனித்துவருகிறது. பிரதாப் தரியன் உள்ளிட்ட குழு 2002இல் வெளியிட்ட ஆய்வுக்காக 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறையும், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியல் மருத்துவ இதழில் வந்தது போலவே இல்லை. தெருத் திண்ணையில் கேட்பது போல இருக்கிறது. வருமானம் போதாதவள். பையனை எதிர்பார்த்துப் பெண் பெற்றவள். மாமியாரோடு மனத்தாங்கல் உள்ளவள். பெற்றவர்களோடும் ஒட்டாதவள். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவள்.

அதே ஒன்றியத்தில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலைகளை ஆராய்ந்த கட்டுரை 2004இல் லான்செட் இதழில் வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குப் பையன்கள் 58, பெண்பிள்ளைகள் 148. உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையில் ஆண்கள் எண்ணிக்கைதான் மிகுதி. இங்கே, இந்த வயதில், தலைகீழ். 2016இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் 36.6 சதவீதம் பேர் இந்தியாவில் என்று பின்னர் வந்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சித்தூரும் வேலூரும் 1911வரை ஒரே வட ஆர்க்காடு ஜில்லா, தலைநகர் சித்தூர்தான். இரு பக்கமும் ஒரே கடலைக் காடு, ஒரே மாந்தோப்பு, கொள்வினை கொடுப்பினையும் உண்டு. எனவே கணியம்பாடிக் கணக்கு சித்தூருக்கும் பொருந்தும் என்று ஊகிக்கலாம். ஊகம்தான். 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களைப் பார்த்தது. அதில் தமிழ்நாடு உண்டு, ஆந்திரம் இல்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான நோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை சென்று சேரவில்லை என்று அந்தக் கணக்கெடுப்பு சொன்னது. எண்ணப்பட்ட மாநிலங்களின் கதையே இது.

எண்ணுவதோடு நிற்கக் கூடாதுதான். எது பலிக்கும் என்பதையும் தெற்காசியா சோதித்துப் பார்த்திருக்கிறது, அதுவும் மாத்திரை இல்லாமல். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கக் கிராமங்களில் அதீஃப் ரஹ்மான் குழு 903 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய சோதனை 2008இல் வெளியானது. எல்லோருமே மனச்சோர்வில் இருந்தவர்கள். ஒரு பாதி ஊர்களில், வழக்கமாக வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையில் எளிய பயிற்சி கொடுத்தார்கள். மறுபாதியில் அதே அளவு தடவை பணிப்பெண் வந்தார், பயிற்சி மட்டும் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதமானபோது பயிற்சி இல்லாத பக்கத்தில் 53 சதவீதம் பேர் இன்னும் சோர்வில் இருந்தார்கள், மறுபக்கம் 23. மனநல மருத்துவர் யாரும் அந்த வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தரவில்லை.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் அமைப்பு பழங்குடிப் பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, பிரசவம், சிசு நலம் பற்றி அவர்களே பேசி முடிவெடுக்க வைத்தது. சிசு மரணத்தைக் குறைக்க நடத்திய சோதனை அது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மரணம் 45 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் இன்னொன்றும் தெரியவந்தது: தாய்மாரிடம் நடுத்தர அளவிலான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. மனநோய்க்கென்று ஒரு சொல் பேசாமலே கிடைத்த பலன். சித்தூர் மாவட்டத்தில் டுவாக்ரா குரூப் என்ற மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடன் தவணைக்காகக் கூடும் அந்தக் கூட்டங்களில் அரை மணி நேரத்தைப் பச்சை உடம்புக்காரிகளுக்கு ஒதுக்கினால் என்ன ஆகும் என்பது சோதித்துப் பார்க்கத் தகுந்த கேள்வி. கடன்காரியாக ஒருத்தி உட்காரும் இடத்தில் மனம் திறப்பாளா, மூடிக்கொள்வாளா? இரண்டுமே நடக்கலாம். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன்.

ஆந்திரத்துக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஜார்ஜ் நிறுவனத்தின் பல்லப் மௌலிக் குழு மேற்கு கோதாவரியிலும் ஹரியாணாவிலுமாக 44 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ‘ஸ்மார்ட் மென்டல் ஹெல்த்’ என்ற சோதனையை நடத்தியது. ஆஷா என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு வீடுவீடாகப் போய் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் உள்ளவர்களைக் கண்டறிந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு அதே கருவி சிகிச்சை வழியைக் காட்டியது. மனநோய் பற்றிய கூச்சத்தைப் போக்க ஊரில் பிரச்சாரமும் நடந்தது. இப்படிச் செய்த ஊர்களில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது என்று 2024இல் முடிவு வெளியானது. கோதாவரிக் கரையில் ஆனது பாலாற்றங்கரையில் ஆகாது என்று நினைக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, அச்சத்துக்கு வருகிறேன்.

2009இல் பிரிக்கப்படாத ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுவரையிலான ஏறத்தாழ 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பு, ஐ.சி.எம்.ஆர்., மாநில அரசு மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டம். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். கம்மத்திலும் குஜராத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்தபின் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவங்களின் லட்சணம் வேறு கதை. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் விடுதிக் காப்பாளரோ தலைமை ஆசிரியரோ கையெழுத்து. பெற்றவர்களுக்குத் தெரியாமலே பிள்ளைக்கு ஊசி. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது.

2011இல் குண்டூர் மாவட்டம் பிடுகுரல்லாவிலிருந்து ஏழைப் பெண்களைக் கூட்டிப் போய்ப் புற்றுநோய் மருந்துச் சோதனையில் சேர்த்த விவகாரம் வெடித்தது. அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் மனநோயாளிகள் மீதான மருந்துச் சோதனைகள் அம்பலமாயின. விவரம் தர மறுத்த மருத்துவர்களுக்கு அரசு போட்ட அபராதம் ஆளுக்கு 5,000 ரூபாய். வண்டி ஓட்டுநர் உரிமம் இல்லாமல் பிடிபட்டாலும் இன்றைக்கு அவ்வளவு கட்ட வேண்டும்.

ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனதால் விதிகள் இறுகின. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகள் சோதனையால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச மருத்துவத்தையும் இழப்பீட்டையும் கட்டாயமாக்குகின்றன. புது மருந்துச் சோதனையில் எளிதில் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களின் ஒப்புதலைக் காணொலியாகப் பதிய வேண்டும். இந்தியாவில் நடக்கும் சோதனைகளைப் பதிந்துவைக்கும் பொதுப் பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கி 2009 ஜூன் முதல் கட்டாயமானது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 99 இன்னும் ஒருபடி மேலே போய், மனநோய் உள்ளவரைப் பேட்டி காண்பதற்குக்கூடச் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவரால் ஒப்புதல் தர இயலாத நிலையில் மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

தாளில் இவ்வளவு இருக்கிறது. வார்டில் என்ன நடக்கும்? பிரசவமான மூன்றாம் நாள், தையல் வலியோடு படுத்திருப்பவளிடம் பத்துப் பக்கப் படிவம் நீட்டப்படும். அவள் கணவனைப் பார்ப்பாள், கணவன் தன் அம்மாவைப் பார்ப்பான். ‘டாக்டரம்மா சொல்றாங்க, போடு’ என்பார் மாமியார். சட்டப்படி எல்லாம் சரி. அந்த ஒப்புதலில் அவள் எங்கே இருக்கிறாள்? கேள்விகள் மாமியாரைப் பற்றியவையாகவும் இருக்கும்போது, மாமியார் கட்டிலோரம் நிற்கும் பேட்டிக்கு என்ன மதிப்பு? ஒப்புதலைக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே, தனி அறையில், ஒரு வார இடைவெளி விட்டு இரண்டு தடவையாக வாங்கலாம். நடுவில் வீட்டுக்குப் போய் யோசிக்கவும், வேண்டாம் என்று சொல்லவும் நேரம் கிடைக்கும். நெறிமுறைக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. பெண்களின் மனநலச் சோதனைக்கு அந்த ஒருவர் போதாது. பிள்ளை பெற்ற பின் மனநோயில் விழுந்து மீண்டவர் ஒருவருக்கு அந்த மேசையில் நாற்காலி போட வேண்டும்.

இதற்கெல்லாம் திருப்பதி ஏன்? ஏனென்றால், வேண்டியவை எல்லாம் அங்கே சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. 1960இல் தொடங்கிய ஸ்ரீவெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, அதனோடு இணைந்த ருயா ஆஸ்பத்திரி, அரசு மகப்பேறு மருத்துவமனை, ஸ்விம்ஸ் மருத்துவமனை, அதன் கீழ் பெண்களுக்கென்றே 2014இல் வந்த பத்மாவதி மருத்துவக் கல்லூரி. 1983இல் என்.டி.ராமராவ் தொடங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலிருந்து, வீட்டுக்குள் போய்ப் பெண்ணோடு பெண்ணாகப் பேசக்கூடிய மாணவிகளைப் பயிற்றுவித்து எடுக்கலாம். தெலுங்கும் தமிழும் இரண்டுமே வீட்டுமொழியாக உள்ள ஆள்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.

பெரிய சோதனைகள் இந்த மண்ணுக்குப் புதியவையும் அல்ல. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் ஃப்ரிமோட்-மோலர், 1950இல் பி.சி.ஜி. ஊசி பலனளிக்கிறதா என்று ஊர் ஊராகச் சோதிக்கத் தொடங்கினார். இன்றும் பி.சி.ஜி. பற்றிய உலக ஆய்வுகளில் மதனப்பள்ளியின் பெயர் வருகிறது. 1956இல் சென்னையில் காசநோயாளிகளை ஒரு பாதி சானடோரியத்திலும் மறுபாதி அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை குறைந்ததில்லை என்று 1959இல் தெரிந்தது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வந்தது. மனநலத்தில் வேலூரே சாட்சி. மூர்க்கமான நிலையில் வரும் நோயாளியைச் சீக்கிரம், ஆபத்தில்லாமல் அமைதிப்படுத்த எந்த ஊசி நல்லது என்று 200 நோயாளிகளைக் கொண்டு சி.எம்.சி.யில் நடத்திய சோதனை 2004இல் வெளியானது. ஒப்பிட்டவை: ஒரு பக்கம் லோராசெபம், மறுபக்கம் ஹேலோபெரிடாலும் ப்ரோமெதசினும் சேர்ந்து. எல்லாம் பழைய, மலிவான மருந்துகள். எந்தக் கம்பெனிக்கும் இதில் லாபம் இல்லை. இரவுப் பணியில் உள்ள டாக்டருக்கு விடை வேண்டியிருந்தது, கேட்டார்கள்.

திருப்பதியில் கேட்கத்தக்கவையும் அப்படிப்பட்ட கேள்விகளே. பாலூட்டும் தாய்க்கு செர்ட்ராலின் தருவது வழக்கம். பாலில் அது மிகக் குறைவாகவே இறங்குகிறது. ரத்தசோகையும் எடைக்குறைவும் உள்ள நம் தாய்க்கு எந்த அளவு போதும்? மாத்திரையா, ஆஷாவின் ஆறு அமர்வுப் பேச்சா, இரண்டும் சேர்ந்தா? மனச்சிதைவுக்கு ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், ஒலான்சபைன் உடம்பைப் பெருக்க வைக்கும். அதற்குப் பயந்தே மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களுக்கு என்ன மாற்று? கம்பெனிகள் இதற்குப் பணம் போடமாட்டா. அரசுப் பணம்தான் வேண்டும்.

சோதனையை வடிவமைப்பவர் ஊர் வழக்கம் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு போய்விடுவாள். ஆறாம் மாதம் பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தால், சித்தூரில் சேர்த்த பெண்ணை ஆம்பூரிலோ பெங்களூரிலோ போய்த் தேட வேண்டியிருக்கும். அவளைக் ‘கைவிட்டுப் போனவர்’ என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். உண்மையில் சோர்வு அதிகமாகக்கூடிய இடத்துக்கு அவள் போன நேரம் அது. மூன்று மாநிலச் சுகாதாரப் பணியாளர்கள் கைகோக்காமல் இது ஆகாது.

ஒப்பீட்டுக்கு வைக்கும் அணிக்கு என்ன தருவது என்பதும் லேசான கேள்வி அல்ல. ‘வழக்கமான சிகிச்சை’ என்று திட்டத்தில் எழுதுவார்கள். நம் கிராமங்களில் வழக்கமான சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதுதான். பிரசவகால மனச்சோர்வை அளக்கும், பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ அளவுகோலில் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒருத்தி ‘ஆமாம்’ என்ற பிறகு, நீ ஒப்பீட்டு அணி என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியாது. அன்றே, அந்த மணியே, யார் அவளைப் பார்ப்பார், எந்த வண்டியில் எங்கே கூட்டிப் போவார், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் யார் பேசுவார் என்பது எழுதப்படாமல் முதல் கேள்வியைக்கூடக் கேட்கக் கூடாது.

ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் கடும் மனநோய் வேறு ரகம். பெற்ற சில நாளிலேயே தூக்கம் போய், சம்பந்தமில்லாமல் பேசி, சில சமயம் பிள்ளையையே சந்தேகிப்பாள். காத்துக் கருப்பு என்று சோளிங்கர் மலைக்குக் கூட்டிப் போகும் குடும்பங்கள் இரு மாநிலத்திலும் உண்டு. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழு அளந்து பார்த்து, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததை 2002இல் எழுதியது. ஆனால் பிரசவ மனநோய்க்கு ஆறு வாரம் காத்திருக்க முடியாது. நிம்ஹான்ஸ் 2009இல் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவைத் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 சட்டமும் சொல்கிறது. திருப்பதியிலிருந்து பெங்களூருக்கு அந்த நிலையில் ஒருத்தியைக் கூட்டிப் போவது எளிதல்ல. தாயும் சேயும் சேர்ந்து படுக்க நாலைந்து கட்டில் மகப்பேறு மருத்துவமனையிலேயே போட்டால், சிகிச்சையும் நடக்கும், ஆய்வும் நடக்கும்.

கடைசியாக, சோதனை முடிந்த மறுநாள். பயிற்சி பெற்ற ஆஷாவுக்கு அதுவரை வந்த கூடுதல் தொகை நின்றுவிடும், மேற்பார்வைக்கு வந்த நர்ஸ் திரும்பிப் போய்விடுவார், டேப்லெட் பீரோவுக்குள் போகும். ஆந்திரத்தில் ஆஷாவுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். பிரசவம், தடுப்பூசி, கொசு, காசநோய் எல்லாம் ஏற்கெனவே அவர் தலையில். மனநலத்தையும் ஏற்றிவிட்டு, பலன் நன்றாக இருந்தது என்று இதழில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதனால், விண்ணப்பத்தோடு வரும் வரவு செலவில், கடைசிப் பெண்ணைப் பார்த்து முடித்த பின் வரும் இரண்டு ஆண்டுக்கான செலவும் இருக்க வேண்டும்: ஆஷாவின் கூடுதல் ஊதியம், ஒரு மனநல நர்ஸின் சம்பளம், மாத்திரை, பஸ் காசு. யார் தருவது, மாநில அரசா ஆய்வு நிறுவனமா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாநிலச் சுகாதாரத் துறையில் யாராவது விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.